எழுந்ததை எண்ணிப் பார்த்தோமா?



நம் தொழிலில் எண்ணாத பொருள் கிடையாது. லாரி வந்து நின்றால் மூட்டையை எண்ணுகிறோம். ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு, அனுப்பியவர் சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறோம். இரவு கடை கட்டும்போது கல்லாவை எண்ணுகிறோம். மார்ச் மாதம் வந்துவிட்டால் கிட்டங்கியில் உள்ள இருப்பை எண்ணுகிறோம். எலி கடித்த சாக்கில் சிந்திய சர்க்கரைக்குக்கூட ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு நாற்காலியில் உட்காரும் நம் கணக்குப்பிள்ளை மாலை வரை அதிலிருந்து எத்தனை முறை எழுந்தார் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் எத்தனை முறை எழுந்தோம் என்பதும் தெரியாது.

இது ஒரு விஷயமா, இதற்கு ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு வரையில் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

நமது மண்டியில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். வயது 54. இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவரிடம் போனபோது துணைக்கு நாமும் போயிருந்தோம். மருத்துவர் சாப்பாடு, தூக்கம், குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "நாள் முழுக்க உட்கார்ந்தே வேலையா? இடையில் எழுந்திருப்பீர்களா?" என்று கேட்டார். "அப்பப்ப எந்திரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்" என்றார் நம் கணக்குப்பிள்ளை. நாமும் பக்கத்தில் இருந்துகொண்டு, "கடைன்னா ஒரு இடத்துல உக்கார முடியுமா டாக்டர்" என்று ஒத்து ஊதினோம். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஒரு நாள் எண்ணிப் பாருங்களேன்" என்றார்.

கடையில் திருட்டுக்குப் பயந்து மாட்டிய கண்காணிப்பு கேமரா இருக்கிறதே, அது நினைவுக்கு வந்தது. கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு, முந்தைய வாரத்துப் புதன்கிழமையின் பதிவை இருவருமாக உட்கார்ந்து (உட்கார்ந்துதான்!) வேகமாக ஓட்டிப் பார்த்தோம். காலை 9.40-க்கு நாற்காலியில் அமர்ந்தவர் முதல் முறையாக எழுந்தது 12.55-க்கு. மதியச் சாப்பாட்டை அதே மேசையில் தாளை விரித்துச் சாப்பிட்டிருக்கிறார். மாலை ஏழு மணி வரையில் மொத்தம் 5 முறை எழுந்திருந்தார். கல்லாவும் அந்தக் கேமராவின் கண்ணில் படும் இடம் என்பதால் நம்முடைய கணக்கும் தெரிந்துவிட்டது. நாம் 7 முறை. அதில் நான்கு, லாரியைப் பார்க்க வாசல் வரை போனது.

"இவ்வளவுதானா?" என்று நாம் வியந்தபோது அவர் மெதுவாக ஒன்று சொன்னார். "நீங்கதான அண்ணாச்சி ஒரு நாள் கேட்டீங்க, கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்குன்னு." நமக்கு அது நினைவே இல்லை. பல வருடங்களுக்கு முன்பு தண்ணீர்ப் பானைக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தபோது வெளியூர் வியாபாரிகள் முன்னிலையில் நாம் அப்படிக் கேட்டோமாம். மறுநாளிலிருந்து அவர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டார். நாம் மறந்துவிட்டோம், அவர் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

யோசித்துப் பார்த்தால், எழுந்திருக்க வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக நாமே அலுவலகத்திலிருந்து அப்புறப்படுத்தியிருக்கிறோம். முன்பெல்லாம் கணக்கு எழுதுபவர் தரையில் பாய் விரித்து, சாய்வான மரப்பெட்டியின் மேல் பேரேட்டை வைத்து எழுதுவார். தரையிலிருந்து எழுவதே ஒரு தேகப்பயிற்சி. பழைய பேரேடு வேண்டுமென்றால் பரணில் ஏற வேண்டும். வெளியூர் டெலிபோன் வந்திருக்கிறது என்று ஆள் வந்து கூப்பிட்டால் நாலு கடை தள்ளிப் போய்ப் பேச வேண்டும். காசோலை போட பாங்கிக்கு ஒரு நடை, மணியார்டர் அனுப்பத் தபாலாபீசுக்கு ஒரு நடை, விற்பனை வரி அலுவலகத்துக்கு ஒரு நடை. இருப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கிட்டங்கிக்கே போய்த் தலையை எண்ணிவிட்டு வர வேண்டும். இந்த நடைகளுக்கெல்லாம் யாரும் ஓய்வு என்று பெயர் வைக்கவில்லை. வேலையோடு வேலையாக நடந்தது.

இன்றைக்கு இருப்பு கம்ப்யூட்டரில் தெரிகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரிக் கணக்கும் திரையிலேயே போகிறது. பணம் கைபேசியில் வருகிறது, போகிறது. சரக்குக்கான இ-வே பில்லும் நாற்காலியை விட்டு அசையாமல் எடுத்தாகிறது. பில் அச்சடிக்கும் எந்திரம் கைக்கெட்டும் தூரத்தில். டீ இருக்கைக்கே வருகிறது. இவையெல்லாம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவும் இல்லை. விற்பனை வரி அலுவலக வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஆசை வராது. ஆனால் வசதி என்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றும் ஒரு எழுச்சியைக் குறைத்திருக்கிறது என்பதைக் கணக்கில் எழுதத் தவறிவிட்டோம்.

உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு ஆகாது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் எழுதினார். 1713-இல் அதை விரிவாக்கியபோது கணக்கு எழுதுவோர், பத்திரம் எழுதுவோரைப் பற்றியும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, பிழை வந்துவிடுமோ என்ற மனச்சுமை ஆகிய மூன்றையும் அவர்களுடைய நோய்க்குக் காரணமாகச் சொன்னார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார்.

எண்களோடு காட்டியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். இலண்டனில் மாடிப் பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். ஒரே பேருந்து, ஒரே நிர்வாகம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது என்று 1953-இல் வெளியிட்டார். அதே ஆய்வில் தபால் கொண்டுபோய்க் கொடுப்பவர்களையும், தபால் இலாகாவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எழுத்தர்கள், டெலிபோன் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் விடை அந்தப் பக்கமே சாய்ந்தது.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது 1956-இல் அவர் செய்த வேலை. ஊழியர்களுக்குச் சீருடை கொடுத்த கணக்கு நிர்வாகத்தில் இருக்குமல்லவா? அந்தக் கணக்கை எடுத்துக் கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு நடத்துநர்களைவிடப் பெருத்திருந்தது, இளவயதுக்காரர்களிடமே அந்த வித்தியாசம் தெரிந்தது. ஆகவே வேலை மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஏற்கெனவே பருமனானவர்கள் ஓட்டுநர் வேலைக்கு வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் அந்தக் கணக்கே கிளப்பியது. துணிக் கணக்கை வைத்து உடம்பை அளந்த அந்த மனிதர் ஒரு ஜவுளிக் கடைக்காரராக இருந்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

அதே 1956-இல் நம் நாட்டிலேயே ஒரு ஆய்வு வெளிவந்தது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் ஜீன் மேயரும் அவருடன் இந்தியர்களும் சேர்ந்து 213 பேரின் உணவையும் எடையையும் கணக்கெடுத்தார்கள். மூட்டை தூக்குவோர், எந்திரத்தில் நிற்போர், எழுத்தர்கள், இவர்களோடு ஆலைக் கடைத்தெருவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உழைப்புக் குறைந்தால் சாப்பாடும் குறையும் என்றுதானே நினைப்போம்? ஓரளவு வரைதான் அப்படி. உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்கள், தங்களைவிட அதிகம் நடமாடியவர்களைக் காட்டிலும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். பசி என்கிற தராசு, உட்கார்ந்தே இருப்பவனிடம் சரியாக வேலை செய்வதில்லை என்று தெரிகிறது. கல்லாவில் இருந்துகொண்டே முறுக்கு டப்பாவைத் திறக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இவை எல்லாம் மொத்தம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கு. இடையிடையே எழுந்தார்களா என்ற கேள்வி பிறகு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜெனிவீவ் ஹீலி என்ற அம்மையாரின் குழு, 168 பேருக்கு இடுப்பில் அசைவு அளக்கும் சிறு கருவியை ஏழு நாள் கட்டிவிட்டுப் பார்த்து 2008-இல் வெளியிட்டது. உட்கார்ந்த மொத்த நேரம் ஒன்றாக இருந்தாலும், அடிக்கடி எழுந்தவர்களின் இடுப்பளவு சிறுத்திருந்தது, சர்க்கரை, கொழுப்பு அளவுகளும் மேலாக இருந்தன. ஒல்லியானவர் சுலபமாக எழுந்துவிடுவார், அதனால் அப்படித் தெரிகிறதோ என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட அதே நாட்டில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012-இல் வேறு மாதிரி செய்தது. எடை கூடிய 19 பேரை, ஒரே ஆளை வெவ்வேறு நாட்களில், இனிப்பும் கொழுப்பும் கலந்த பானம் கொடுத்து ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் எழாமல். இன்னொரு நாள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடை. நடந்த நாளில் பானத்துக்குப் பின் இரத்தத்தில் ஏறிய சர்க்கரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது. அதே ஆள், அதே பானம், அதே நாற்காலி.

அமெரிக்காவில் 2023-இல் வெளியான, 11 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில் அரை மணிக்கு ஐந்து நிமிட நடை சர்க்கரையைத் தெளிவாகக் குறைத்தது. மணிக்கு ஒரு நிமிடம் என்பது சர்க்கரைக்குப் போதவில்லை, ஆனால் இரத்த அழுத்தம் அதிலும் சற்று இறங்கியது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு 2023-இல் சொன்னது. நம் கடைத்தெருவில் அந்தக் கணக்கு பொய்க்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

சரி, எழுவதை எப்படி எண்ணுவது? இங்கேதான் தொழில்முறைச் சிக்கல் இருக்கிறது.

வாயால் கேட்டு எழுதினால் போதாது என்பதை மருத்துவர் முன்னால் நாமே நிரூபித்துவிட்டோம். உலகம் முழுக்க அப்படித்தான். அலுவலக ஊழியர்களிடம் "மணிக்கு எத்தனை முறை எழுகிறீர்கள்?" என்று கேட்கும் ஒரு கேள்வித்தாளை ஆராய்ச்சியாளர்கள் தயாரித்து, கருவியோடு ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். அதே ஆளை மறுபடி கேட்டால் ஏறக்குறைய அதே விடை வந்தது. கருவியின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஒட்டுதல் வலுவாக இல்லை. தினமும் ஒரே மாதிரி பிசகும் தராசு நமக்குத் தெரியாததா? அதை முத்திரைக்காரரிடம் கொண்டுபோனால் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

கருவிகளிலும் வகை இருக்கிறது. இடுப்பில் கட்டுவது அசைவை மட்டும் அறியும். ஒருவர் அசையாமல் நின்றால் உட்கார்ந்திருக்கிறார் என்றே எழுதிக்கொள்ளும். தொடையில் ஒட்டுவது மேலானது. உட்கார்ந்தால் தொடை படுக்கைவாட்டம், எழுந்தால் செங்குத்து, இதைக் கருவி கண்டுகொள்ளும். ஆராய்ச்சியாளர்கள் நம்புவது இதைத்தான். கையில் கட்டும் கைக்கடிகார வகையும் இன்று வந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த கடிகாரம், ஒரு நாளில் 12 வெவ்வேறு மணி நேரங்களில் குறைந்தது ஒரு நிமிடமாவது எழுந்து நடமாடச் சொல்கிறது, நீங்கள் எழாவிட்டால் மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நினைவூட்டுகிறது. நம் மகன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். நல்ல பொருள்தான். ஆனால் கை அசைவை வைத்து ஊகிக்கும் கருவி என்பதால், உட்கார்ந்தபடியே கையை நீட்டி மடக்கிச் சரக்கு மாதிரிகளை அள்ளிக் காட்டும் மண்டிக்காரரை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்ற ஐயம் நமக்கு உண்டு.

எழுவது என்பது என்ன என்பதிலும் தகராறு இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து அலமாரியில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உடனே உட்கார்ந்தால் அது ஒன்றா? இரண்டு நிமிடம் நடந்தால்தான் ஒன்றா? ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. உலக சுகாதார நிறுவனமே 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உட்காரும் நேரத்தைக் குறையுங்கள், நடமாட்டத்தைக் கூட்டுங்கள் என்றதே தவிர, இத்தனை மணி, இத்தனை முறை என்று எண் போடவில்லை. ஆதாரம் போதாது என்பதால் போடவில்லை. அளவு தெரியாமல் அளவு சொல்லாத அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். தினமும் இத்தனை ஆயிரம் அடி நடந்தால் ஆயுள் கெட்டி என்று சொல்பவர்களுக்கு அது இல்லை.

நாம் நமது மண்டியில் செய்தது எளிய முறை. கணக்குப்பிள்ளையின் மேசையில் ஒரு டம்ளர், பக்கத்தில் ஒரு கை கொண்டைக்கடலை. எழுந்து பத்தடியாவது நடந்து திரும்பினால் ஒரு கடலையை டம்ளரில் போட வேண்டும். கல்லாவிலும் ஒரு டம்ளர். முதல் நாள் இருவரும் மறந்தோம். இரண்டாம் நாளிலிருந்து கடலை ஏறியது, அதுவும் மளமளவென்று. ஒரு நாள் அவருக்கு 19. நமக்குச் சந்தேகம். எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மனிதன் கூடுதலாக எழுகிறான். அடி எண்ணும் கருவி கட்டிய புதிதில் எல்லோரும் கூடுதலாக நடப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கும் தெரிந்ததுதான், அதனால் முதல் சில நாட்களின் கணக்கை ஒதுக்கிவிடுவதும் உண்டு. நாமும் முதல் வாரத்தை ஒதுக்கினோம்.

இனிச் சொல்லப்போவதைப் பெரிய கடை வைத்திருக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டும். எண்ணுவது எளிது. எண்ணியவர் கையில் அந்த எண் என்ன ஆகிறது என்பதே கேள்வி. இலண்டனில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் 2016-இல் மேசைகளுக்கு அடியில் சிறு பெட்டிகளைப் பொருத்தி, யார் இருக்கையில் இருக்கிறார், யார் இல்லை என்று அறிய முற்பட்டார்கள். ஊழியர்கள் கொதித்தெழுந்ததும் அன்றைக்கே கழற்ற வேண்டியதாயிற்று. இன்று பல நிறுவனங்களில் கம்ப்யூட்டரில் விரல் படாத நிமிடங்களை எண்ணும் ஏற்பாடு இருக்கிறது. அதே எழுச்சி, மருத்துவர் கணக்கில் வரவு, முதலாளி கணக்கில் பற்று. ஒரே உருப்படியை இரண்டு பேரேட்டில் எதிரெதிராக எழுதினால் ஊழியர் எதை நம்புவார்? தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொள்வார். கேமராவைப் பார்த்து நாம் எண்ணியதுகூட அவர் சம்மதம் கொடுத்ததால்தான் தகும். கேட்காமல் பார்த்திருந்தால் அது வேவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1947-இல் நம் மாநிலத்தில் வந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று எழுதிவைத்தது. அது வேலையிலிருந்து ஓய்வு. நம் கணக்குப்பிள்ளை அந்த ஒரு மணியையும் அதே நாற்காலியில்தான் கழித்தார். 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றன. ஜவுளிக் கடைகளில் பத்து மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்களால் வந்த திருத்தம் அது. அதை நாம் முழு மனதோடு ஏற்கிறோம். ஒரே கடையில் முன்பக்கம் நிற்பவருக்கு நாற்காலி இல்லை, பின்பக்கம் உட்கார்ந்தவருக்கு எழ அனுமதி இல்லை என்றால் இரண்டும் ஒரே முதலாளியின் ஏற்பாடுதான். முன்னதற்குச் சட்டம் வந்துவிட்டது. பின்னதற்குச் சட்டம் வர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, படிவமும் பதிவேடும் ஏற்கெனவே போதும். நாமே செய்துகொள்ளக் கூடியது இது.

வேலை கெடாதா என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டே பார்ப்போம். இருபது நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 6 நிமிடம், எட்டு மணி நேரத்தில் 48 நிமிடம். சிறிய தொகை அல்ல, ஒப்புக்கொள்கிறோம். அரை மணிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் 32 நிமிடம். இதைச் சும்மா நடக்க விட்டால் நஷ்டம்தான். அதனால் நாம் வேறு வழி பார்த்தோம். பில் அச்சடிக்கும் எந்திரத்தை மேசையிலிருந்து எடுத்துக் கிட்டங்கி வாசலுக்கு மாற்றினோம். அச்சான பில்லை எடுக்கப் போகும்போது ஏற்றப்படும் மூட்டையையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறார். தண்ணீர்ப் பானை கடைசிக் கோடிக்குப் போனது. டீ இனி இருக்கைக்கு வராது, வேண்டியவர் வாசலுக்கு வந்து நின்று குடிக்க வேண்டும். டீக்கடைப் பையனுக்கு இதில் சந்தோஷம், நமக்கு முதல் வாரம் கொஞ்சம் எரிச்சல். கிட்டங்கி வாசலுக்குப் போய்வந்ததால் சீட்டில் 40 என்றும் லாரியில் 38 என்றும் இருந்த ஒரு மல்லி லோடு வெளியே போகாமல் தடுக்கப்பட்டது. அந்த ஒரு நாளிலேயே அந்த மாதத்து நிமிடங்கள் திரும்பி வந்துவிட்டன என்பது நம் கணக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்தது வேறொன்று. ஒரு நாள் காலை பூஜை முடிந்ததும் கடையில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொண்டு, "யாரு எப்ப எந்திரிச்சாலும் ஏன் எங்கன்னு நான் கேட்க மாட்டேன்" என்று சொன்னோம். கணக்குப்பிள்ளை எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த பாட்டில் காலடியில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, மறுபடி அவரிடம் கேட்டுக்கொண்டு, எது என்று சொல்லாமல் ஒரு சாதாரண நாளின் பதிவை எடுத்து எண்ணினோம். அவருக்கு 14, நமக்கு 11. மதியத்துக்கு முன் ஒரே மூச்சில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்த இடம் ஒன்று இருந்தது. அன்று ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள். அவருடைய சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாத்திரையும் சாப்பிடுகிறார், காலையில் நடக்கிறார், இரவில் சோற்றையும் குறைத்துவிட்டார். ஆகவே எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்து எழுத நம்மால் முடியாது. முதுகு வலி குறைந்திருக்கிறது என்று அவர் சொல்கிறார். வாயால் சொன்ன கணக்கு, அப்படியே எழுதுகிறோம்.

உறுப்பினர்கள் தங்கள் கடையில் ஒரு நாள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சாதாரண வியாபார நாளாகப் பாருங்கள், தீபாவளி வாரமும் மாதக் கடைசியும் வேண்டாம். ஊழியரைக் கேட்காமல் எண்ண வேண்டாம். முதலில் கல்லாவில் இருப்பவரை எண்ணுங்கள். எண்ணிக்கையை ஒரு கார்டில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினால், கடைப் பெயர் போடாமல் வெளியிட ஆசிரியர் குழுவிடம் இடம் கேட்டிருக்கிறோம்.